கோத்தகிரிப் பக்கத்து ஓடைக்கரை நாற்றங்கால்: ஒன்றரை ஆண்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் இடையே, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் எங்கள் குடும்பத்துக்கு முக்கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. அதன் கீழ்க்கோடியில் ஓர் ஓடை ஓடுகிறது. அண்டையிலுள்ள படுகர் குடும்பத்தார் அதை ஹள்ளா என்பார்கள், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் பள்ளம் என்பார்கள். எப்பெயரிட்டு அழைத்தாலும், கடைசியில் பவானியைப் போய்ச் சேர்கிற பல நீர்க்கால்களுள் அதுவும் ஒன்று. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது மாவட்டம் முழுவதும் மேற்குப் பக்கத்தையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது. கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழைதான் என்பதால், எங்கள் கரை சரிந்தது அந்த ஆண்டின் ஐப்பசியில். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முழம், இரண்டு முழம் என்று மண் போய்க்கொண்டே இருந்தது.

மேல்நிலத்துக்காரர் தம் பங்குக்குக் கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுப்பினார். சுவரில் மோதித் திரும்பிய நீர் எதிர்க்கரையான எங்கள் பக்கத்தை இன்னும் வேகமாக அரித்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் வெட்டிவேர் நடச் சொன்னார். வெட்டிவேர் நல்ல புல்தான் என்றாலும் நிழலில் நலிந்துவிடும். பாதிநாள் நிழல் விழும் எங்கள் பள்ளத்தில் அது நிற்காது என்பது எனக்கே தெரிந்திருந்தது. அப்போதுதான் ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், பெர்லினுக்குத் தென்கிழக்கே உள்ள ஸ்பிரேவால்ட் என்னும் நீர்க்காட்டுக்குப் படகில் போய்வந்து சில படங்களை அனுப்பினான். (வெள்ளரி ஊறுகாய்க்கும் அந்த ஊர் பெயர்பெற்றது என்று ஒரு பாட்டிலையும் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.) கால்வாய்களின் இருபுறமும் நீருக்குள்ளேயே வேரூன்றி வரிசையாக நின்ற மரங்களைக் காட்டி, "இது ஆல்டர், சித்தி. இங்கே ஓடைக்கரை என்றாலே இந்த மரம்தான். உங்கள் கரைக்கு இதை நடுங்கள்" என்று எழுதியிருந்தான். ஆல்டர் நாற்று எங்கே கிடைக்கும் என்று விசாரித்தபோதுதான் இந்த நாற்றங்காலின் முகவரி கிடைத்தது.

நாற்றங்காலின் பெயரை இங்கே எழுதவில்லை. இடம் சிறியது, இருப்பதும் இரண்டே பேர், இப்போது வருகிற ஆட்களுக்கே நாற்றுப் போதவில்லை என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். கோத்தகிரிப் பக்கத்தில் சோலை மர நாற்று எங்கே கிடைக்கும் என்று கேட்டால் யாரேனும் வழி சொல்வார்கள்.

முதல் நாள் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த இடத்தைப் பற்றிய என் மதிப்பு அன்றே பாதி உருவாகிவிட்டது. ஆல்டர் வேண்டும் என்று கேட்டேன். நடத்துகிற இளைஞர், "கிடைக்காது டீச்சர். கிடைத்தாலும் தரமாட்டேன்" என்றார். வாங்க வந்த வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசுகிற கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. காரணம் கேட்டதற்கு, "முதலில் உங்கள் ஓடையைப் பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன்" என்றார். மறுவாரமே வந்தும் பார்த்தார். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

அவர் சொன்ன காரணத்தைப் புரிந்துகொள்ள ஆல்டர் காட்டைப் பற்றி நானும் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. படித்தபின் அந்த மரத்தின்மேல் என் மரியாதை கூடிற்று. அதை இங்கே நட வேண்டும் என்ற ஆசை போயிற்று. ஐரோப்பாவின் தாழ்நில ஓடைகளில் நிற்பது கறுப்பு ஆல்டர். அதன் வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்னும் நுண்ணுயிரி குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குத் தருகிறது. நம் கடற்கரைச் சவுக்கின் வேரில் இருப்பதும் இதே பிராங்கியா பேரினந்தான் என்பதால் தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமான செய்தி அன்று. நைட்ரஜனுக்குப் பஞ்சமில்லாத மரமாகையால், பிற மரங்களைப்போல இலையின் சத்தை உறிஞ்சி எடுத்துக்கொண்டு சருகாக உதிர்க்கும் சிக்கனம் அதற்கு இல்லை. பச்சையாகவே இலையை உதிர்த்துவிடுகிறது. அந்தச் சத்துள்ள இலை ஓடையில் விழுந்து விரைவில் மக்கி, நீரில் வாழும் சிறு பூச்சிகளுக்கு உணவாகிறது. அதன் விதையின் ஓரத்தில் காற்றடைத்த தக்கைபோன்ற திசு இருப்பதால் அது மிதந்து போய்க் கீழ்க்கரையில் ஒதுங்கி முளைக்கிறது. ஓடையே அந்த மரத்தின் விதைப்பாளி. அதன் கட்டை நீருக்கடியில் நெடுங்காலம் அழியாது; வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைத் தாங்கி நிற்கும் அடிக்கழிகளில் ஆல்டரும் உண்டு.

ஆனால் நான் படித்ததில் முக்கியமானது மரம் அன்று, மரத்தின் அடியில் இருப்பது. ஓடுகிற நீரின் கரையில், வெள்ளம் வந்து வண்டலை விட்டுவிட்டு விரைவில் வடிந்துபோகிற இடத்தில் ஒருவகை ஆல்டர் காடும், நீர் தேங்கி நிலம் கரிச்சேறாகிவிட்ட இடத்தில் வேறுவகை ஆல்டர் காடும் அமைகின்றன. மேலே நிற்கும் மரம் ஒன்றேயானாலும் கீழே தரையில் வளர்வன வேறு. முன்னதில் ஆஷ் மரம் கூட்டுச் சேரும். அடியில் தொட்டால் அரிக்கும் நெட்டில் செடியும், மெடோஸ்வீட் என்னும் வெள்ளைப் பூச்செடியும், மரத்தில் படரும் ஹாப் கொடியும், மெல்லிய கோரைகளும் இருக்கும். பின்னதில் பெரிய கோரைக் குத்துகளும் சேற்றுப் பெரணிகளும் ஆட்சி செய்யும். தாவரவியலாளர் இவ்வாறு சேர்ந்து வாழும் தொகுதியைத் தாவரக் கூட்டம் என்கிறார்கள். எந்த மரம் என்பதைவிட, நீர் ஓடுகிறதா, தேங்குகிறதா, எத்தனை நாள் நிற்கிறது என்பதே கூட்டத்தை முடிவு செய்கிறது. அங்கேயே அந்த ஓடைக்கரை வகைக் காடு அருகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பட்டியலில் முன்னுரிமையோடு காக்கப்பட வேண்டிய வகையாக அது இருக்கிறது. 1993-இல் தென் இங்கிலாந்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஒரு பைட்டோப்தோரா நோய் ஆற்றங்கரை ஆல்டர்களைக் கொன்று வருகிறது. உருளைக்கிழங்குச் செடியைக் கருகவைக்கும் நோய்க்குக் காரணமும் ஒரு பைட்டோப்தோராதான் என்பதால், அதைப் பயிரிடும் நீலகிரிக்காரருக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் ஆல்டர் இல்லாமல் இல்லை. நேபாளிகள் உட்டிஸ் என்று சொல்லும் இமயமலை ஆல்டர், சரிந்த மலைச்சரிவுகளில் முதலில் வந்து நிற்கும் மரம். சிக்கிமில் அதன் நிழலில்தான் பேரேலக்காய் விளைகிறது. தென்னிந்தியத் தீபகற்பத்தில் அது இயற்கையாக வளர்வதில்லை. அதே இமயமலை ஆல்டர் ஹவாய்த் தீவுகளில் கொண்டுபோய் நடப்பட்டு, இன்று அங்கே பரவிவரும் களைமரமாகி நிற்கிறது. நாற்றங்கால் இளைஞர் ஓடைக்கரையில் நின்று என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சீகையோடு நாம் படும் பாடு போதாதா டீச்சர்?" அவர் சொன்னது வாட்டில் மரத்தை. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று பெருக்கப்பட்டு, புல்வெளிகளையும் ஓடைகளையும் விழுங்கிவிட்ட அந்த மரமும் வேரில் நைட்ரஜன் சேர்ப்பதுதான். ஓரிடத்தில் கூட்டத்தை வாழவைக்கும் குணமே மற்றோரிடத்தில் கூட்டத்தைக் கலைத்துவிடும் என்பதை அவர் அந்த ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

இனி அவர்கள் விற்கும் பொருளுக்கு வருகிறேன். மற்ற நாற்றங்கால்களில் மரத்தைக் கேட்டு வாங்குகிறோம். இங்கே இடத்தைச் சொல்லி வாங்க வேண்டும். நீரோரக் கட்டு, சரிவுக் கட்டு, மேட்டுக் கட்டு என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆண்டில் பெரும்பகுதி நீர் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்துக்கு முதலாவது, வெள்ளத்தில் மட்டும் நனையும் கரைச் சரிவுக்கு இரண்டாவது, அதற்கும் மேலே உள்ள உலர்ந்த விளிம்புக்கு மூன்றாவது. ஒவ்வொன்றிலும் நாற்பது நாற்றாக 2023 ஜூனில் 120 நாற்று வாங்கினேன். வண்டி வாடகை, ஒரு நாள் இரண்டு பேர் வந்து நட்டுக் கொடுத்த கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய் ஆயிற்று. 2024 டிசம்பரில் நானே நடந்து எண்ணியபோது நீரோரத்தில் 34, சரிவில் 27, மேட்டில் 22 என மொத்தம் 83 உயிரோடு இருந்தன. உறைபனியும் காட்டெருமையும் உள்ள ஊரில் இது நல்ல கணக்கு என்றே சொல்வேன்.

நீரோரக் கட்டில் பாதிக்கு மேல் ஆற்றுப்பாலை. நம் மலைகளில் இயல்பாக வளரும் வில்லோ மரம் அது. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஓடையோரங்களில் இலையின் அடிப்புறம் வெளுத்து, காற்றில் வெள்ளி புரண்டதுபோல் தெரியும் மரம். பழம்பாடல்களின் வஞ்சி இதுதான் என்பாரும் உண்டு, வஞ்சி பிரம்புக்கொடி என்பாரும் உண்டு. ஐரோப்பிய ஓடையில் ஆல்டர் செய்யும் கரைகாவல் வேலையை இங்கே செய்யத் தகுந்தது இதுவே. நட்ட முதல் மழையிலேயே துளிர்த்து, இரண்டாம் ஆண்டில் என் தோளுயரம் வந்து, சென்ற ஐப்பசி வெள்ளத்தில் கரையின் அந்தப் பகுதி மட்டும் அசையாமல் நின்றது. அதன் வேர் நீருக்குள் சிவந்த நூல்கற்றையாக இறங்கி மண்ணைப் பின்னிப் பிடித்திருப்பதைக் கோடையில் நீர் குறைந்தபோது கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் என் முதல் குறையும் இந்த மரத்தைப் பற்றியதுதான். ஆற்றுப்பாலையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. போத்து (கிளைத்துண்டு) வெட்டி நட்டால் எளிதில் வேர் விடும் என்பதால் நாற்றங்காலில் எல்லாவற்றையும் ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு பூத்தபோது பார்த்தால், பூத்தவை எல்லாம் மகரந்தம் சிந்துகிற ஆண் பூங்கதிர்கள். ஒரே மரத்தின் 25 படிகளை என் கரையில் நிறுத்தியிருக்கிறேன். அவை எந்நாளும் விதை தரப்போவதில்லை, நோய் ஒன்று வந்தால் எல்லாமும் ஒன்றாகவே போகும். மரத்தைத் தனித்தனியாக விற்காமல் கூட்டமாகவே விற்போம் என்று கொள்கை வைத்திருக்கும் நாற்றங்கால் இந்த அடிப்படையைத் தவறவிட்டிருக்கக் கூடாது. இதைச் சொன்னபோது அந்த இளைஞர் மறுப்பேதும் சொல்லாமல் தலையைச் சொறிந்தார்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. நீரோரக் கட்டு என்ற பெயரில் மரமும், பத்து ஆஸ்முண்டா பெரணியும், ஐந்து மரப்பெரணியும் கொடுக்கிறார்கள். தரையை மூடும் கோரையும் பூண்டும் ஒன்றுகூட இல்லை. ஆனால் கரையை முதல் ஆண்டு காப்பாற்றுவது தரைச்செடிதான், மரத்தின் முறை மூன்றாம் ஆண்டுக்குப் பிறகே வரும். எங்கள் ஓடையின் மேல்பகுதியில் இன்னும் கெடாமல் இருக்கிற ஒரு துண்டில் போய்க் குனிந்து பார்த்தால், காரெக்ஸ் கோரை, ஓடைநடுக் கல்லைச் சுற்றிக் காசித்தும்பை, கசிவு நிற்கும் இடத்தில் வசம்பு, நிழல் மூலையில் தொட்டால் உடல் முழுதும் எரிகிற நீலகிரி நெட்டில் என்று தரை தெரியாமல் மூடியிருக்கிறது. இவற்றைப் பார்த்தபின் என் அக்காள் மகன் அனுப்பிய படங்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அங்கும் காரெக்ஸ், இங்கும் காரெக்ஸ். அங்கும் ஆஸ்முண்டா, இங்கும் ஆஸ்முண்டா. அங்கும் நெட்டில் குடும்பம், இங்கும் அதே குடும்பம். இரண்டு கரையிலும் வில்லோ. இனங்கள் வேறு என்றாலும் உறவு ஒன்றே, ஆல்டர் ஒன்றுதான் நம் பக்கம் வரவில்லை. காசித்தும்பையின் கதை இன்னும் வேடிக்கையானது. நம் மலையில் அது காலடி பட்டாலே நசுங்கும் மென்செடி, ஓடை கெட்டால் முதலில் மறைவதும் அதுதான். இமயமலையிலிருந்து 1839-இல் இங்கிலாந்துக்கு அழகுக்காகக் கொண்டுபோகப்பட்ட அதன் உறவுச்செடி ஒன்றோ, ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து ஐரோப்பிய ஓடைக்கரைகளில் உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. அவர்கள் ஊரில் அதைப் பிடுங்க ஆள் சேர்க்கிறார்கள். நாம் இங்கே அதன் தங்கைகளைத் தேடி அலைகிறோம்.

இந்தத் தரைச்செடிகளை ஏன் வளர்ப்பதில்லை என்று கேட்டதற்கு, "யாரும் காசு கொடுத்துக் கோரை வாங்கமாட்டார்கள் டீச்சர்" என்றார். உண்மைதான். நானும் முதல் முறை போனபோது வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் அந்த வெற்றிடத்தை நிரப்ப என் கரைக்கு யார் வந்தார்கள் என்பதை அவர் வந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். நட்ட ஆறாம் மாதத்திலேயே யூபடோரியம் என்று எல்லாரும் சொல்கிற மெக்சிகோக் களை முழங்கால் உயரம் வந்துவிட்டது. அதன் பின்னால் தென்னாப்பிரிக்காவின் கல்லா லில்லி, வெள்ளைக் குவளைபோல் அழகாகப் பூத்துக்கொண்டு, சேற்றுப் பகுதி முழுவதையும் பிடித்தது. பூ வியாபாரிகள் அதை வெட்டிப் போவதால் ஊரார் அதைக் களை என்றே நினைப்பதில்லை. இரண்டையும் கையால் பிடுங்க நாங்கள் செலவிட்ட கூலி நாற்றின் விலையை எட்டிவிட்டது. கட்டோடு இருபது குத்துக் கோரை கொடுத்திருந்தால் இதில் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

மரப்பெரணியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சையாத்தியா என்னும் இந்த மரப்பெரணி இனங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. அப்படியிருந்தும் காட்டில் தோண்டியெடுத்த அடித்தண்டுகள் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்காக விற்பனைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படி இல்லை. விதைத்தூளைத் தூவி, அது பாசிபோன்ற பச்சைத் தகடாகி, அதிலிருந்து பெரணி எழும் வரை அவர்களே வளர்க்கிறார்கள். நிழற்கொட்டகையின் மூலையில் அந்தத் தட்டுகளை எனக்குக் காட்டினார்கள். ஒன்று 350 ரூபாய். விலை அதிகம் என்று முதலில் நினைத்தேன். அந்தத் தட்டுகளைப் பார்த்தபின் பேரம் பேச மனம் வரவில்லை. ஐந்தும் பிழைத்திருக்கின்றன.

சரிவுக் கட்டில் சோலை நாவல், லிட்சியா, விக்கிப் பழ மரம், காட்டுச் செண்பகம் ஆகியவை இருந்தன. நாவலின் விதை உலர்ந்தால் செத்துவிடும், பழம் உதிர்ந்த சில நாளிலேயே விதைக்க வேண்டும். விக்கியின் கொட்டையோ ஓடு தடித்து மாதக்கணக்கில் முளைக்காமல் கிடக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பொறுமை வேண்டியிருப்பதால் மூன்று ஆண்டுக்குக் குறைந்த நாற்றை அவர்கள் வெளியே விடுவதில்லை. ஆல்டர் விதையை நீர் கொண்டுபோகிறது என்றேனே. இந்த மரங்களின் விதையை நீலகிரிக் காட்டுப்புறாவும் சிரிப்பான் குருவியும் கொண்டுபோகின்றன. எனவே கரையில் பறவை உட்கார ஓர் உயரமான கிளை இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை முளைக்காது. இந்தக் காரணத்துக்காகவே, ஓடையோரம் நின்ற நான்கு சீகை மரங்களை உடனே வெட்ட வேண்டாம் என்று அந்த இளைஞர் சொன்னார். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் வெட்டவும் முடியாது என்பது வேறு. வெட்டினால் வெயில் பட்டவுடன் மண்ணில் பல்லாண்டாகக் கிடக்கும் சீகை விதைகள் ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும் என்றும், அந்த நிழலிலேயே சோலை நாற்று வளரட்டும் என்றும் அவர் சொன்னதே சரி. கொடைக்கானலைச் சுற்றியுள்ள பழைய சீகைத் தோப்புகளின் அடியில் சோலை மரங்கள் தாமாகவே முளைத்திருப்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

அந்த அறிவுரையின் மதிப்பு ஜனவரியில் தெரிந்தது. குளிர்காற்று நீரைப்போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும்; ஓடைக்கரை என்பது உறைபனிக்கும் ஓடைக்கரைதான். சீகை நிழலில் இருந்த செண்பகம் ஒன்றுகூடக் கருகவில்லை. திறந்த இடத்தில் நட்ட ஒன்பதில் ஏழு ஒரே வாரத்தில் கறுத்துப்போயின. திறந்த இடத்தில் நடுங்கள் என்று குறித்துக் கொடுத்தவர்களும் அவர்களேதான். பனி மூடாக்குக்கு வைக்கோலோ பெரணித் தழையோ போடச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மாற்று நாற்று கேட்டேன், ஐந்து கொடுத்தார்கள், இரண்டுக்குக் காசு வாங்கினார்கள். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மேட்டுக் கட்டு சுமார்தான். தவிட்டுப் பழம், ஊசிக்களா, முள்ளிப் பழம் என்று நாம் எல்லாரும் சிறுவயதில் பறித்துத் தின்ற புதர்கள். காட்டெருமைக் கூட்டம் ஒன்று இரண்டு இரவில் மிதித்துப் போனதில் பாதி போயிற்று. அதில் நாற்றங்காலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊசிக்களாவை மட்டும் நெருக்கமாக நட்டிருந்தால் அதுவே வேலியாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சேவையைப் பற்றிச் சில சொற்கள். நட வந்த இருவரும் ஓடையின் போக்கைப் பார்த்து வளைவின் வெளிப்பக்கத்தில் நெருக்கமாகவும் உள்பக்கத்தில் தளர்வாகவும் நட்டது, வேலை தெரிந்தவர்கள் என்பதைக் காட்டியது. நாற்றுகளை வழக்கமான கறுப்பு பாலிதீன் பையிலேயே தருகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்துகிற மாவட்டத்தில் 120 பைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மூட்டை கட்டித் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். சில பைகளில் வேர் சுருண்டு அடியில் வளையமாகியிருந்தது. அவற்றை நடுவதற்கு முன் கத்தரிக்க வேண்டியிருந்தது. பராமரிப்புத் தாள் ஒன்று தருகிறார்கள், முழுவதும் ஆங்கிலத்தில். ஓடைக்கரையில் வேலை செய்யப்போகிறவர்களுள் அதைப் படிக்கக்கூடியவர் யார் என்று கேட்டுவிட்டு, நானே அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பத்தி ஐரோப்பிய ஆல்டர் காட்டுக்கு எழுதியதை அப்படியே எடுத்ததுபோல் இருந்தது, இலையுதிர் காலத்தில் சருகை அள்ள வேண்டாம் என்றெல்லாம் வந்தது. நம் சோலை மரத்துக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது, ஆண்டு முழுவதும் கொஞ்சங்கொஞ்சமாக உதிர்ப்பது அது. வாயால் அவர்கள் சொல்லும் செய்தி தாளில் இருப்பதைவிடப் பல மடங்கு மேலானது; எனவே போகிறவர்கள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நின்று பேசிவிட்டு வாருங்கள்.

ஓர் ஆண்டிலேயே பச்சைச் சுவர் வேண்டும் என்று நினைக்கிற விடுதிக்காரர்களுக்கு இந்த இடம் ஏற்றதன்று. வேகமாக வளரும் மரம் கேட்டால் அவர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். உறவினர் ஒருவரை அனுப்பினேன், சில்வர் ஓக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி என்னைத்தான் திட்டினார். ஓடையோ ஊற்றோ சதுப்போ உள்ளவர்கள், மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க முடிந்தவர்கள், களை பிடுங்க ஆள் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் தாராளமாகப் போகலாம். ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்றரை தருகிறேன். கோரையைச் சேர்த்தால் நான்கரை ஆகும்.

சென்ற மாதம், இரண்டாம் முறையாக வாங்கும் நாற்றுகளுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். இம்முறை மரம் பத்து போதும், மீதிக்கு என் ஓடையின் மேல்துண்டிலிருந்து நானே பிரித்துக் கொடுக்கும் காரெக்ஸ் குத்துகளையும் வசம்புக் கிழங்குகளையும் பெருக்கித் தர வேண்டும் என்று கேட்டு, அவரும் ஒப்புக்கொண்டார். பாலத்துக்குக் கீழே பஞ்சு பறக்கும் ஒரு பெண் ஆற்றுப்பாலை நிற்பதையும் காட்டியிருக்கிறேன். ஆவணியில் அதிலிருந்து போத்து எடுத்து ஐப்பசிக்குள் வேர்விட வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தொலைபேசியை மாலை ஐந்துக்கு மேல்தான் எடுப்பார்கள். போகும்போது சாக்குப் பை கொண்டுபோங்கள்.